மடையன் செய்த வினை யாது?

உ. வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்த காலந்தொட்டு அதனைப் பௌத்தத் தமிழ்க் காப்பியம் எனப் போற்றுவோர் பலர். அக்காப்பியம் பேசும் வினைக் கோட்பாட்டை நிறுத்துப் பார்த்தோரோ சிலரே. இங்கு நாம் எடுத்துக்கொள்வது இருபத்தோராம் காதையில் வரும் சிறு செய்தி ஒன்றையே.

உதயகுமரன் காஞ்சனனின் வாளால் மடிகிறான். கலங்கி நிற்கும் மணிமேகலைக்குக் கந்திற்பாவை காரணம் கூறுகிறது. முற்பிறப்பில் இராகுலனாயிருந்த அவன், பிரமதருமன் என்னும் முனிவருக்கு விடியலில் உணவு படைக்க ஏற்பாடு செய்தான். உணவைக் கொண்டுவந்த மடையன் கால் இடறி விழ, கலங்கள் உடைந்தன. வேளை தவறியதே என்ற சினத்தில் இராகுலன் அவனை வெட்டி வீழ்த்தினான். அவ்வினையே இன்று உதயகுமரனை வந்தடைந்தது என்கிறது பாவை.

மடையன் என்பது அன்று சமையற்காரனைக் குறித்த சொல். இன்று அது வசைச்சொல்லாகவே நம் காதில் விழுகிறது. இவனுக்குப் பெயருமில்லை. முற்பிறப்பும் இல்லை. அரசகுமாரன் இறந்தால் பிறவிகளைக் கடந்து காரணம் தேடும் காப்பியம், கால் இடறிய தொழிலாளி எவ்வினையால் வெட்டுண்டான் என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. வினைக்கணக்கிலும் மேலோருக்கு ஓர் ஏடு, கீழோருக்கு ஒரு வெற்றுக் கோடு!

இப்பிழையைப் பௌத்தத்தின் தலையில் முழுமையாகச் சுமத்துதல் பொருந்தாது. சங்யுத்த நிகாயத்தில் சீவகன் என்னும் பரிவிராசகன், மனிதர் நுகரும் இன்பதுன்பம் யாவும் பழவினைப் பயனே என்போரைப் பற்றிப் புத்தரிடம் வினவுகிறான். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், தன்னைப் பேணுவதிற் தவறுதல், பிறர் தாக்குதல் ஆகிய ஏழையும் எண்ணிய பின்னரே வினைப்பயனை எட்டாவதாகக் கூறுகிறார் புத்தர். அங்குத்தர நிகாயத்தில் அவருடைய வாதம் இன்னும் கூர்மையானது. யாவும் பழவினையே எனின் கொலைஞனும் பழவினையாலேயே கொலைஞனாவான்; செய்யத்தக்கது, தகாதது என்ற வேறுபாட்டுக்கும் முயற்சிக்கும் அங்கு இடமேது? எண்ணமே வினை என்று அவர் வரையறுத்ததும் இதனாற்போலும். சாத்தனாரும் இதை அறியாதவரல்லர். உதயகுமரனின் பழவினையைச் சொல்லும் அதே பாவை, நீ செய்த கொடுவினை உன்னையும் தொடரும் என்று காஞ்சனனை எச்சரிக்கவும் செய்கிறது.

ஆனால் மச்சிம நிகாயத்தின் சூளகம்ம விபங்க சூத்திரம் வறுமைக்கும் இழிபிறப்புக்கும் முற்பிறப்புச் செயலையே காரணமாக்குகிறது. இவ்விரு குரல்களும் பௌத்த நூல்களிலேயே உள்ளன. அன்றாட வாழ்வில் ஆளுவோருக்கு உவப்பானது எக்குரல் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அம்பேத்கர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' இம்முடிச்சையே அவிழ்க்க முனைகிறது. ஏழையின் நிலைக்கு அவனது பழவினையே காரணம் என்பது, அரசும் சமுதாயமும் தம் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கான வழி என்று அவர் கண்டார். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்ட மக்களை மறித்தோர் எவருடைய முற்பிறப்பை ஆராய்ந்தனர்? அது சைவக் கோயில்தான். எனினும் 'செய்த வினை, அனுபவிக்கிறார்கள்' என்ற பேச்சுக்குச் சமய எல்லை கிடையாது.

காப்பியத்தின் உயிர்ப்பான பகுதி வேறிடத்தில் இருக்கிறது. காயசண்டிகையின் தீராப் பசிக்கு ஒரு முனிவரின் சாபத்தைக் காரணங்காட்டும் சாத்தனார், அமுதசுரபியை மணிமேகலையின் கையில் கொடுத்தபின் காரணம் தேடுவதை மறந்துவிடுகிறார். அவள் பசித்தோரிடம் பழவினை விசாரிப்பதில்லை, சோறிடுகிறாள். பத்தொன்பதாம் காதையில் சிறைக்கோட்டத்துள் புகுந்து அங்கிருந்தோர் அனைவரையும் உண்பிக்கிறாள். பின் அரசனிடம் அவள் கேட்கும் வரம், அச்சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என்பது. அரசன் இசைகிறான். சிறைப்பட்டோர் செய்த குற்றம் யாது, எப்பிறப்பின் பயன் அது என்ற பேச்சே எழவில்லை.

வகுப்பில் கந்திற்பாவையின் உரையை விளக்கும் ஆசிரியர், அதற்கு இரண்டு காதைகள் முன்னே சென்று இச்சிறைக்கோட்டக் காட்சியையும் அன்றே மாணவருடன் சேர்ந்து படிக்கலாம். மடையனைப் பற்றிய கேள்வியை அவர்களே கேட்பார்கள்.