சிலந்தி வலைச் சங்கும் சதுர அடைப்புக்குறியும்

பதிப்பித்தவரை ஆசிரியர் என்று சொல்லுகிற வழக்கம் இலக்கியத்தில் இல்லை. 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியவர் உ. வே. சாமிநாதையர். சுவடி தேடி, பாடம் ஒப்பிட்டு, அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் நூல் திருத்தக்கதேவருடையதுதான். பிராணி சாஸ்திரத்தில் நியாயம் வேறு. அங்கே ஒரு பெயரை நினைத்தவனுக்கும் உரிமை கிடையாது. கையெழுத்தில் எழுதி வைத்தவனுக்கும் கிடையாது. முதலில் விளக்கத்தோடு அச்சில் வெளியிட்டவனே அதன் ஆசிரியன். எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்தச் சட்டத்தோடு ஒரு வழக்கு உண்டு. அந்த வழக்குக்குக் காரணமான பிராணி நம் கடலிலேயே இருக்கிறது.

மரக்காணத்தில் உப்புப் பாத்திகளைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனால், வலையிலிருந்து உதறிப் போட்ட குப்பையில் பலவகைச் சங்குகளும் சிப்பிகளும் கிடக்கும். பம்பரத்தைப் படுக்கவைத்தாற்போல் கூம்பாக இருப்பவை ஒரு சாதி. லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தேசத்துப் பேரறிஞர் 1758-ல் இந்தச் சாதிக்குக் கோனஸ் என்று பெயரிட்டார். தமிழகக் கடலிலும் இலங்கைக் கடலிலும் வாழும் கூம்புச் சங்குகளில் ஒன்றுக்கு வெள்ளை உடம்பு. அதன்மேல் பழுப்பு நூலால் சிலந்தி வலை பின்னியதுபோல் கோடுகள். பெயரும் அதையே சொல்லுகிறது: கோனஸ் அரனியோசஸ். பெயருக்குப் பின்னால் லைட்பூட், 1786 என்று எழுதி, லைட்பூட்டை மட்டும் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். கதை அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

இங்கிலாந்தில் போர்ட்லண்டுச் சீமாட்டி என்று ஒரு பெரிய பிரபு குடும்பத்து அம்மாள் இருந்தார். சங்கு சேர்ப்பதில் தீராத மோகம். அவர் 1785-ல் காலமானார். மறு வருஷம் அவருடைய சேகரிப்பை 38 நாள் ஏலம் விட்டார்கள். அந்தச் சங்குகளை ஒழுங்கு பண்ணி, பெயர் வைத்து, குறிப்பு எழுதியவர்களில் முக்கியமானவர் சோலாண்டர்; லின்னேயஸின் மாணாக்கர், காப்டன் குக்கோடு கப்பலில் போனவர். குறிப்புகள் அச்சாகுமுன் 1782-ல் அவர் இறந்துபோனார். ஏலத்துக்காக அச்சிட்ட பட்டியலில் அவர் வைத்த பெயர்கள் பல ஏறின. பட்டியலில் மட்டும் ஆசிரியர் பெயர் இல்லை.

பின்னால் வந்தவர்கள் சண்டை போட்டார்கள். சோலாண்டர் என்றார் ஒருவர். சங்கு வியாபாரி ஹம்ப்ரி என்றார் இன்னொருவர். 1962-ல் பீட்டர் டான்ஸ் என்ற ஆராய்ச்சிக்காரர், பட்டியலைத் தயாரித்தவர் சீமாட்டியிடம் இருந்த பாதிரியார் லைட்பூட்தான் என்று வாதித்தார். அது நிலைத்தது. அச்சில் பெயர் போடாமல் வந்த நூல் என்பதற்கு அடையாளமாகத்தான் அந்தச் சதுர அடைப்புக்குறி.

சோலாண்டர் எழுதினார், லைட்பூட் ஆசிரியரானார். இது எந்த ஊர் நியாயம்?

கோபம் ஆறிய பிறகு எதிர்க்கட்சியையும் கேட்கத்தான் வேண்டும். கூம்புச் சங்கு வெறும் அலங்காரப் பொருள் அல்ல, விஷமுள் கொண்டது. கோனஸ் ஜியோகிராபஸ் கொட்டி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். கோனஸ் மேகஸின் விஷத்திலிருந்து பிறந்த வலிநிவாரணிக்கு 2004-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நம் கடலில் கிடைக்கும் கோனஸ் அமாடிஸின் விஷத்தைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். எந்தச் சங்கின் விஷம் என்பதில் குழப்பம் வந்தால் அத்தனை உழைப்பும் வீண். ஆகவே ஒரு சங்குக்கு ஒரு பெயர் வேண்டும். சிலந்தி வலைச் சங்குக்கே 1791-ல் க்மெலின் வேறொரு பெயர் சூட்டினார். அதற்கும் சிலந்தி என்றுதான் அர்த்தம். முந்தி அச்சானது எது என்று பார்த்தவுடன் அந்தத் தகராறு தீர்ந்தது. பெட்டிக்குள் கிடக்கும் கையெழுத்துக்களுக்கும் உரிமை உண்டென்றால், எந்தத் தகராறுதான் தீரும்?

தேதியால் தீராத தகராறுகளும் உண்டு. 2009-ல் டக்கரும் டெனோரியோவும் கோனஸ் என்ற ஒரே குடும்பப் பெயரை எண்பதுக்கு மேற்பட்டதாகப் பிரித்தார்கள். சில வருஷங்களில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் பியூலாந்திரும் தோழர்களும் மரபணுவைப் பார்த்து, நாலு போதும் என்று பெரும்பாலானவற்றைக் கோனஸுக்கே திருப்பிவிட்டார்கள். பிரிப்பதும் சேர்ப்பதும் அபிப்பிராயம். அச்சான வருஷம் அப்படியல்ல.

ஆகவே என் தீர்ப்பு இது. முகவரி எழுத இந்தச் சட்டம் போதும். சரித்திரம் எழுதப் போதாது. லைட்பூட்டின் பெயர் இருக்கட்டும். ஆனால் அடைப்புக்குறியைப் பார்க்கிறவன் சோலாண்டரையும் நினைக்க வேண்டும். அவருக்கும் முன்னால், எந்தக் கடலிலோ அந்தச் சங்கை எடுத்துக் கரைசேர்த்த கை ஒன்று இருந்தது. அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. மரக்காணத்து உப்பு மூட்டையில் அச்சாகிற பெயரும் வெயிலில் நின்று உப்பு வாரினவர் பெயர் அல்லவே.