அங்கீகாரம், ஸ்வீக்ருதி, தனிநாடு: பாலஸ்தீனம் பற்றிய தமிழ் வழக்குகள் – ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

2025 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, போர்ச்சுகல் ஆகியவையும் மறுநாள் பிரான்சும் பாலஸ்தீனத்தை அரசாக ஏற்றன. இத்தகைய செய்தியைத் தமிழ் நாளிதழ்கள் 'தனிநாடாக அங்கீகாரம்' என்று குறிப்பது பெருவழக்கு. வங்காள நாளிதழ்களில் 'ராஷ்ட்ர' என்னும் சொல்லும் 'ஸ்வீக்ருதி' என்னும் சொல்லும் வழங்குகின்றன. கொல்கத்தாவில் கரியாஹாட் முதல் லேக் மார்க்கெட் வரையுள்ள பகுதியில் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். இருமொழியும் படிக்கும் அவர்தம் கண்ணில் இவ்விரு வழக்குகளும் அடுத்தடுத்துப் படுகின்றன. ஒரே செய்தியைச் சொல்லும் இவை ஒரே பொருளைத் தருகின்றனவா என்பதே இக்கட்டுரையின் வினா. விவாதத்திற்குரிய கருத்துகளைத் தமிழ்த் தொடர் முடிந்த முடிபுகளாக ஆக்கிவிடுகிறது என்பது இங்கு எடுத்துக்காட்டப்படும்.

1. இரு கடன்சொற்கள்

அங்கீகாரம், ஸ்வீகாரம் ஆகிய இரண்டும் வடமொழியில் 'தன்னதாக்கிக்கொள்ளுதல்' என்னும் பொருளில் ஒத்த அமைப்புடையன. இவற்றைக் கடன்பெற்ற மொழிகள் பொருளால் வெவ்வேறு திசைகளில் சென்றன. தமிழில் சுவீகாரம் என்பது பிள்ளையைத் தத்தெடுத்தலைக் குறிக்கும். வங்காளத்தில் ஸ்வீகார் என்பது ஒப்புக்கொள்ளுதல். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் அதுவே சொல். தமிழின் அங்கீகாரம் ஏற்பிசைவைக் குறிக்க, வங்காளத்தில் அதே வடிவம் உறுதிமொழி என்னும் பொருளில் வழங்குகிறது. ஆகவே தமிழ்ச் செய்தியை வங்காளத்திற்குக் கொண்டு செல்பவர் சொல்வடிவத்தை அவ்வாறே விடுவாராயின், 'ஏற்றது' என்பது 'வாக்களித்தது' என்றாகிவிடும்.

தமிழில் அங்கீகாரம் பயிலும் பிற இடங்களையும் நோக்க வேண்டும். பள்ளிக்கு அங்கீகாரம், மனைப்பிரிவுக்கு அங்கீகாரம், அரசியல் கட்சிக்கு அங்கீகாரம் என்னும் வழக்குகளில் மேலிருக்கும் அமைப்பொன்று தகுதியை ஆராய்ந்து வழங்குகிறது. தகுதி குறைந்தால் திரும்பப் பெறுகிறது. வங்காளத்தில் ஸ்வீக்ருதியும் பள்ளிகளுக்கு வழங்கப்படுவதே. ஆயினும் ஒப்புக்கொள்ளுதல் என்னும் வினை அதன் அருகிலேயே வாழ்வதால், முன்னரே உள்ள ஒன்றை இசைதல் என்னும் பொருள் முற்றும் மறைவதில்லை. தமிழ்ச் சொல்லுக்கு அத்தகைய துணை இல்லை.

2. பொருள் வேறுபாடும் அரசியல் வேறுபாடும்

இவ்வேறுபாடு அகராதியோடு நிற்பதன்று. ஓர் அரசின் அரசியல் இருப்பு பிற அரசுகளின் ஏற்பைச் சார்ந்ததன்று என 1933ஆம் ஆண்டின் மொண்டேவீடியோ உடன்படிக்கை கூறுகிறது. இந்நோக்கில் ஏற்பு என்பது உள்ளதை ஒப்புதல். பாலஸ்தீன அரசு நேரடிப் பேச்சுவார்த்தையின் முடிவில் உருவாக வேண்டும் என்பது அமெரிக்கா நெடுநாளாகக் கூறிவரும் நிலைப்பாடு. 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்குப் பின் அளிக்கப்படும் ஏற்பு ஹமாசுக்குப் பரிசாகும் என்பது இஸ்ரேல் அரசாங்கத்தின் வாதம். இவ்விரண்டிலும் ஏற்பு என்பது உரிய காலத்தில், உரிய தகுதிக்கு வழங்கப்படுவது. 2025 ஜூலையில் பிரிட்டன், இஸ்ரேல் சில நடவடிக்கைகளை எடுக்காவிடில் செப்டம்பரில் பாலஸ்தீனத்தை ஏற்பதாக அறிவித்தது; இது வங்காள 'அங்கீகார்' என்பதற்கு நெருங்கியது.

உள்ளதை ஒப்புதல், தகுதிக்கு வழங்குதல், நிபந்தனையோடு வாக்களித்தல் என்னும் மூன்று நிலைப்பாடுகளையும் தமிழ் 'அங்கீகாரம் வழங்கியது' என்னும் ஒரே தொடரால் கூறுகிறது. 'வழங்கு' என்னும் துணைவினை இரண்டாம் நிலைப்பாட்டின் பக்கம் வாசகரைச் சாய்த்துவிடுகிறது.

3. 'தனி' என்னும் அடை

தமிழில் தனிநாடு என்பது வரலாறு ஏறிய சொல். 1963 வரை திராவிட முன்னேற்றக் கழகம் முன்வைத்த திராவிட நாட்டுக் கோரிக்கையும், 1976ஆம் ஆண்டின் வட்டுக்கோட்டைத் தீர்மானமும் அச்சொல்லுக்கு 'உள்ள நாடொன்றிலிருந்து பிரிந்து செல்லுதல்' என்னும் பொருளை உறுதியாக்கின. பாலஸ்தீனச் சிக்கலில் இரு தரப்பாரும் இவ்வாறு வாதிடுவதில்லை. 1967 முதலான ஆக்கிரமிப்பு முடிவுற வேண்டும் என்பது பாலஸ்தீனர் வாதம். பாதுகாப்பும் நிலத்தின்மீதான உரிமைகோரலும் இஸ்ரேலிய எதிர்ப்பின் அடிப்படைகள். மேற்குக் கரையும் காசாவும் இஸ்ரேலிலிருந்து பிரிகின்ற மாநிலங்கள் போலத் தமிழ் வாசகர்க்குத் தோன்றுவது இவ்வடையால் நேர்ந்த பிழை. மூலத்தில் இல்லாத அடையைப் பெறுமொழியில் சேர்ப்பதற்கு இங்குத் தேவையும் இல்லை.

4. அரசும் அரசாங்கமும்

வங்காளத்தில் ராஷ்ட்ர வேறு, ஸர்கார் வேறு, ராஜ்ய வேறு. தமிழ்நாட்டு இதழ்களில் 'அரசு' பெரும்பாலும் ஆட்சிபுரியும் அமைப்பையே சுட்டும். ஆகவே 'பாலஸ்தீன அரசை ஏற்றல்' என்றால் ராமல்லாவிலுள்ள நிர்வாகத்தையோ காசாவின் ஆட்சியாளரையோ ஏற்றலாக அது கொள்ளப்படலாம். அரசை ஏற்றலும் அரசாங்கத்தை ஏற்றலும் பன்னாட்டுச் சட்டத்தில் வெவ்வேறு செயல்கள். 'ஹமாசுக்குப் பரிசு' என்னும் வாதத்தை ஏற்பவரும் மறுப்பவரும் இவ்வேறுபாட்டை வைத்தே வழக்காடுகின்றனர். இதனைக் காட்டாத மொழிபெயர்ப்பில் அவ்வழக்கு வாசகருக்கு விளங்காது.

இந்திய வரலாறும் இத்தகைய நுட்பத்தை வேண்டுகிறது. 1947 நவம்பர் 29 அன்று பாலஸ்தீனப் பிரிவினைத் தீர்மானத்தை இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 1950இல் இஸ்ரேலை ஏற்றது. முழுத் தூதரக உறவு 1992இல்தான் ஏற்பட்டது. இடைப்பட்ட காலத்தில், 1988 நவம்பர் 18 அன்று, பாலஸ்தீன அரசை ஏற்றது. ஏற்பு, உறவு, ஆதரவு ஆகிய மூன்றையும் ஒன்றெனக் கருதும் தமிழ் நடையில் இவ்வரலாறு முரண்பாடாகத் தோன்றும். பிரித்துக் கூறும் நடையில் தொடர்ச்சி புலப்படும்.

5. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று பரிந்துரைகள் பெறப்படும். மூலத்தில் இருந்தாலன்றித் 'தனி' என்னும் அடையை நீக்குக. அரசு, அரசாங்கம் என்னும் வேறுபாட்டைச் சட்டம் சார்ந்த பனுவல்களில் கண்டிப்பாகவும் செய்திகளில் இயன்றவரையும் பேணுக. 'அங்கீகாரம்' வேரூன்றிவிட்ட சொல்லாதலின் அதனை விலக்கல் அரிது. எனினும் 'வழங்கு', 'அளி' என்னும் துணைவினைகளைத் தவிர்த்து 'அங்கீகரித்தது' அல்லது 'ஏற்றது' என எழுதலாம். வழங்குதல் என்பது பேசுவோரின் கருத்தாகவே இருக்குமிடத்து அதனை அவர் கூற்றாகவே தருக.

1988 நவம்பர் 15 அன்று அல்ஜியர்சில் வெளியான பாலஸ்தீன விடுதலை அறிவிப்பை அரபியில் வரைந்தவர் மஹ்மூத் தர்வீஷ் என்னும் கவிஞர். அதன் ஆங்கில வடிவத்தில் பங்குகொண்டவர் எட்வர்ட் சைத் என்னும் திறனாய்வாளர். அவ்வரசு உலகின் முன் வந்தபோதே மொழிபெயர்ப்பின் துணையோடு வந்தது. அதனை ஏற்பதா மறுப்பதா என்பது வாசகர் முடிவு செய்ய வேண்டியது. அம்முடிவை அவருக்கு முன்னரே மொழிபெயர்ப்பாளர் எடுத்துவிடலாகாது.