ஆசியான்: யாருடைய ஒருங்கிணைவு?

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் பெண்கள் அமைப்புகள் நடத்திவரும் பேச்சுக்களை ஒரு வெற்றிக்கதையாகச் சொல்லும் வழக்கம் அரசசார்பற்ற நிறுவனங்களிடையே உண்டு. 2007இல் சாசனம் கையெழுத்தானது. 2010இல் பெண்கள், சிறுவர் உரிமைகளுக்கான ஆணைக்குழு ஹனோயில் தொடக்கிவைக்கப்பட்டது. இவை சும்மா கிடைத்தவையல்ல. எனினும் இந்தக் கணக்குடன் எனக்கு உடன்பாடில்லை.

ஆணைக்குழுவுக்கு ஆட்களை நியமிப்பவை அரசுகள். பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் முறைப்பாட்டை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. 2009 ஒக்டோபரில் தாய்லாந்தில் தலைவர்களைச் சந்திக்கவெனச் சிவில் சமூக அமைப்புகள் தெரிவுசெய்த பத்துப் பேரில் ஐவரை அவரவர் அரசுகளே நிராகரித்தன. கதிரை போடுவதும் அவர்கள்தான், எடுப்பதும் அவர்கள்தான்.

ஆனால் என் பிரதான சிக்கல் கதிரையல்ல, உழைப்பு. 2015 முடிவில் ஆசியான் பொருளாதார சமூகம் உருவானது. பொறியியலாளர், கட்டடக்கலைஞர், நில அளவையாளர், கணக்காளர், வைத்தியர், பல்வைத்தியர், தாதியர், சுற்றுலாத்துறையினர் ஆகிய எட்டுப் பிரிவினரின் தகைமைகளைப் பரஸ்பரம் அங்கீகரிக்க ஏற்பாடுகள் உண்டு. தாதியர் இருக்கிறார்கள், உண்மை. ஜாவாவிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்ச் சமைத்து, துவைத்து, பிறர் பிள்ளையை வளர்க்கும் பெண் எங்கே? அவளில்லாமல் அந்தக் கணக்காளர் (பெண் கணக்காளரும்தான்) காலையில் வேலைக்குப் போக முடியாது. இங்கே ஹோட்டல்களையும் வீடுகளையும் துப்புரவாக்கும் எமக்கு இது விளங்காத விடயமல்ல.

புலம்பெயர் தொழிலாளர் பற்றி 2007 ஜனவரியில் செபுவில் ஒரு பிரகடனம் செய்தார்கள். அதைத் தொடர்ந்த ஆவணம் வரப் பத்து வருடங்கள் பிடித்தன. 2017இல் வந்ததும் சட்டரீதியாகக் கட்டுப்படுத்தாது.

மலேசியாவின் ஐரீன் பெர்னாண்டசை நினைத்துப் பாருங்கள். தெனாகனித்தா அமைப்பை நிறுவியவர். தடுப்பு முகாம்களில் புலம்பெயர் தொழிலாளர் நடத்தப்பட்ட விதத்தை 1995இல் வெளிப்படுத்தினார். 1996இல் கைது, 2003இல் பன்னிரண்டு மாதச் சிறைத்தண்டனை, 2008 நவம்பரில்தான் விடுவிப்பு. அதாவது, சாசனத்தில் தலைவர்கள் கையொப்பமிட்ட நாளில் அவரது மேன்முறையீடு முடிந்திருக்கவில்லை. முகாம்களுக்கு அல்ல, அறிக்கைக்கே வழக்கு!

ஆகவே பகிஷ்கரிப்போம் என்போருமுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. 2016இல் தலைமை வகித்த லாவோஸில் மக்கள் மன்றத்தை நடத்த வழியில்லாதபோது, அன்று ஆசியானில் இல்லாத கிழக்குத் திமோரின் டிலியில் கூடினார்கள். (திமோர் 2025இல்தான் உறுப்பு நாடானது.) அரசுகளின் அழைப்புக்குக் காத்திராத அந்தக் கூட்டமே எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

அங்கும் யார் பேசுகிறார்கள் என்று கேட்டாக வேண்டும். ஆசியானின் பணிமொழி ஆங்கிலம் என்கிறது சாசனத்தின் 34ஆம் உறுப்புரை. அரசுகளுக்கு அது வசதி. பெண்கள் அமைப்புகளும் அதே மொழியில் மட்டும் அறிக்கை எழுதி, அதே மொழி தெரிந்தவர்களையே அனுப்பினால், ஜாவாப் பெண்ணுக்காக இன்னொருத்திதான் பேசிக்கொண்டிருப்பாள். விமானச்சீட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை மொழிபெயர்ப்பாளருக்கு ஒதுக்கட்டும். வீட்டுவேலைத் தொழிலாளரின் சங்கங்களிலிருந்தே பேச்சாளர்கள் வரட்டும்.