ஓநாயாக மாறிய பள்ளிக்கூடத்துப் பையன்

1957-இல் வந்த 'ஐ வாஸ் எ டீனேஜ் வேர்வுல்ஃப்' சுமார் 82,000 டாலர் செலவில், ஏறக்குறைய ஒரு வாரத்தில் எடுக்கப்பட்ட படம். அமெரிக்காவில் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகளுக்கு வந்த இளவட்டங்களை நம்பியே எடுத்தார்கள். சுமார் 20 லட்சம் டாலர் வசூலானது. அந்த அரங்குகளில் பெரும்பாலானவை மூடிவிட்டன. படத்தை இன்னமும் பார்க்கிறார்கள். மலிவான ஒப்பனையைக் கண்டு சிரிக்கத்தான் பார்க்கிறார்கள் என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை. சிரிப்பதற்கு இதைவிட மோசமான படங்கள் எத்தனையோ கிடைக்கும்.

மலிவே கவர்ச்சி என்ற வாதமும் நிற்காது. அதே ஆண்டின் இறுதியில் அதே தயாரிப்பாளர் ஹெர்மன் கோஹன் 'ஐ வாஸ் எ டீனேஜ் ஃபிராங்கன்ஸ்டைன்' கொண்டுவந்தார். வேர்வுல்ஃபில் மருத்துவராக வந்த விட் பிஸ்ஸல்தான் இதில் விஞ்ஞானி. அங்கே இளைஞன் பல உடல்களிலிருந்து ஒட்டவைத்த பிணம். அவனுக்கென்று கோபமோ கூச்சமோ கிடையாது. ஆகவே பார்ப்பவருக்கு அவன்மேல் ஒட்டுதலும் இல்லை.

வேர்வுல்ஃபின் நாயகன் டோனி அப்படியல்ல. பின்னாலிருந்து யாராவது தொட்டாலே கை ஓங்கிவிடுகிறான். மைக்கேல் லாண்டன் அவனை முறைப்பும் தவிப்புமாக, துளியும் கேலியில்லாமல் நடித்திருக்கிறார். உடற்பயிற்சிக் கூடக் காட்சியைப் பாருங்கள். தலைமையாசிரியை அவனைப் பாராட்டி, கல்லூரிக்குச் சிபாரிசு செய்வதாகச் சொல்லி அனுப்புகிறார். திரும்பும் வழியில், இணைக்கம்பியில் பயிற்சி செய்யும் பெண்ணை வாசலில் நின்று பார்க்கிறான். தலைக்குப் பக்கத்திலேயே பள்ளி மணி அலற, அவன் ஓநாயாக மாறிவிடுகிறான். கம்பியில் தலைகீழாகத் தொங்கும் அவள் கண்ணுக்கு ஓநாய் முகமும் தலைகீழாகத்தான் தெரிகிறது. முழுநிலவு இல்லை, பாழடைந்த கோட்டை இல்லை. பட்டப்பகல், பள்ளிக்கூடம், மாணவன் போடும் ஜாக்கெட். அவனைச் சக மாணவர்கள் அடையாளம் காண்பதே அந்த உடையை வைத்துத்தான். ஆசையும் வெட்கமும் திடுக்கிடலும் ஒரே நொடியில் உடம்பை மாற்றிவிடும் வயதை இவ்வளவு நேராகச் சொன்ன காட்சிகள் குறைவு. இயக்குநர் ஜீன் ஃபௌலர் ஜூனியர் படத்தொகுப்பிலிருந்து வந்தவர். ஒளிப்பதிவாளர் ஜோசஃப் லாஷெல் 'லாரா'வுக்காக ஆஸ்கர் வாங்கியவர். காசு இல்லையே தவிர, கைத்தேர்ச்சி இருந்தது.

குறைகளும் கண்முன்னே உண்டு. நடுப்பகுதியில் பேச்சு இழுக்கிறது. முடிவு அதைவிடக் கோளாறு. கோபத்தைத் தணிக்க வந்த பையனை மனவசியத்துக்கும் ஊசிக்கும் சோதனைப் பொருளாக்கியவர் மருத்துவர். அவரிடம் போகச் சொன்னவர் போலீஸ்காரர். இவ்வளவு துணிச்சலாகப் பெரியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, கடவுளின் எல்லைக்குள் மனிதன் நுழையலாகாது என்ற உபதேசத்தோடு எல்லோரையும் விடுவித்துவிடுகிறது படம்.

அடுத்த ஆண்டு வந்த 'தி பிளாப்' இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. ஊரையே விழுங்கும் கூழ்ப்பிண்டத்தைக் கண்ட பிள்ளைகளின் பேச்சை யாரும் நம்புவதில்லை. குளிர்தான் அதற்கு எதிரி என்று தெரிந்ததும், தீயணைப்புக் கருவிகளை எடுக்கத் தலைமையாசிரியரே கல்லெடுத்துத் தன் பள்ளியின் கண்ணாடிக் கதவை உடைக்கிறார். எந்த வசனமும் தராத நிறைவை அந்த ஒரு கல் தருகிறது.

முழுப் படமாக எடைபோட்டால் 'தி பிளாப்' ஒரு படி மேல். ஆனால் பதின்வயதுக்காரனின் தோலுக்குள் நுழைந்தது வேர்வுல்ஃப்தான். இந்த வகைத் திகில் படங்களில் முதலில் பார்க்க வேண்டியது அதுவே.