குளத்தைவிடப் புல்லுக்குத் தாகம் அதிகம்

பெரியபாளையம் சாலையிலும், ஊத்துக்கோட்டைப் பக்கத்திலும், கும்மிடிப்பூண்டியிலிருந்து உள்ளே தள்ளியும் சனி, ஞாயிறு வாடகைக்கு விடும் பண்ணை வீடுகள் பெருகிவிட்டன. பின்புறம் நீச்சல் குளம் இல்லையென்றால் ஆள் வருவது கடினம். குளத்தைச் சுற்றிய தோட்டமோ பெரும்பாலும் ஒரே அச்சுதான்: கொரியன் புல், வரிசையாக பாம் மரங்கள், பளபளக்கும் கிரானைட் தரை, மூலையில் ஒரு புத்தர் தலை. பாலித் தீவு விடுதிப் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்று சொல்லி வாங்கியது போல இருக்கும்.

சென்னைக்கே தண்ணீர் கொடுத்து அலுத்த திருவள்ளூர் மாவட்டத்தில் நீச்சல் குளம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மீஞ்சூர் வட்டாரத்தில் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. ஆனால் கணக்குப் போட்டால் பழி வேறிடத்தில் விழுகிறது. 25 அடி நீளம், 15 அடி அகலக் குளத்தில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் இழப்பு 210 லிட்டர் அளவுதான். அதைச் சுற்றிய 2,000 சதுர அடிப் புல்லுக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்று ஊற்றினாலும் 900 லிட்டரைத் தாண்டும். வடிகட்டி முறையாக ஓடினால் குளத்து நீரை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். புல்லுக்குத் தினமும் மோட்டார் போட்டே ஆகவேண்டும்.

தரையிலும் இதே கதைதான். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலின் ஹிருத்தாபநாசினிக் குளத்தில் அமாவாசைக்கு வெல்லம் கரைக்க வருகிற கூட்டம் ஈரக்காலோடு ஏறி இறங்குவது கருங்கல் படிகளில்தான். பண்ணை வீட்டுக் கிரானைட்டும் அதே இனக் கல்தான். மெருகேற்றி வழவழப்பாக்கியதுதான் வினை. அதுவே கறுப்பாகவும் இருந்தால் மே மாத மதியத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய வெளிர்நிறக் கல் கடைகளில் கிடைக்கிறது. படத்தில் எடுப்பாகத் தெரியாது என்பதால் விலக்கிவிடுகிறார்கள்.

எல்லாமே பழுது என்று சொல்லமாட்டேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உலைகளுக்கு அருகே இருக்கும் தோட்டங்களில், காலையில் குளத்துக் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையைத் தூக்கினால் இலையோடு கரும்பொடியும் விரலில் ஒட்டும். அந்தத் திசையில் இரண்டு வரிசை அடர்ந்த மரம் வைத்தவர்களுக்கு வேலை குறைகிறது; நிழலும் கிடைக்கிறது. இந்தத் தோட்ட அமைப்புக் கலையின் உண்மையான பலம் அதுதான். ஆனால் உச்சியில் மட்டும் ஓலை விரிக்கும் பாம் மரம் எந்தத் தூசியை மறிக்கும்? சீக்கிரம் வளர்கிறதே என்று வேலிக்கு வைத்த கோனோகார்பஸை நடுவதற்கு 2025-ல் தமிழ்நாடு அரசே தடை விதித்துவிட்டது. என் கைக்குப் புன்னைதான் முதலில் வரும்: உப்புக்காற்றைத் தாங்கும், ஆண்டு முழுக்கப் பசுமை. புங்கமும் நல்ல மரம்தான். இலையையும் பூவையும் மொத்தமாகக் கொட்டும் என்பதால் குளக்கரையை விட்டுத் தள்ளி, வேலியோரம் வைக்கவேண்டும். அரளி விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. வறட்சி தாங்கும், குப்பை குறைவு. செடி முழுக்க நஞ்சு. குழந்தைகள் குதிக்கும் இடத்துக்கு ஆகாது.

பலரும் கோட்டை விடுவது மழைக்காலத்தில். ஐப்பசி, கார்த்திகையில் வாடகைக்கு ஆள் வராது, கழுவி வைப்போம் என்று குளத்தை முழுக்க வடித்துவிடுகிறார்கள். பொன்னேரிப் பக்கத்துக் களிமண்ணில் அப்போது நிலத்தடி நீர் மேலே ஏறியிருக்கும். எடை இழந்த கான்கிரீட் தொட்டியை அந்த அழுத்தம் கீழிருந்து தூக்கும், விரிசலும் விடும். இதைத் தடுக்க, குளத்தைச் சுற்றிய தரையை வெளிப்புறம் சரித்து, ஓரத்தில் ஜல்லி நிரப்பிய வடிகால் ஓட்டி, அந்த நீரை வெளியேற்ற வழி செய்யவேண்டும். புத்தர் தலைக்கு ஒதுக்கிய பணத்தை இதில் போட்டிருக்கலாம். அந்த வடிகாலும் வெளியே ஏரிக்குப் போகும் வரத்துக்கால்வாயோடு சேரவேண்டும். பல இடங்களில் சுற்றுச்சுவரே அந்தக் கால்வாயை மறித்துத்தான் நிற்கிறது.

குளம் வெட்டப்போகிறவர்கள் படத்தோடு வரும் வடிவமைப்பாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: புல்லுக்கு நாளுக்கு எத்தனை லிட்டர், கார்த்திகையில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? பதில் இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.