கிராமியப் பாட்டுன்னா எந்தத் தெருப் பாட்டு?

கேசட் கடைகள் இருந்த காலத்தில் திருநெல்வேலி ஜங்ஷனிலும் பாளை மார்க்கெட்டிலும் பாட்டுகளை வகை பிரித்து அடுக்கி வைத்திருப்பார்கள். பக்தி, சினிமா புதுசு, சினிமா பழசு, கடைசித் தட்டில் ‘கிராமியம்’. இப்ப கேசட்டும் போயி, சிடியும் போயி, எல்லாம் செல்போனுக்குள்ள வந்தாச்சு. அந்தக் கடைசித் தட்டு மட்டும் அப்படியே இருக்கு.

கிராமம்னா அதுல மேலத்தெரு இருக்கு, கீழத்தெரு இருக்கு, காலனி இருக்கு. சுடுகாடே ரெண்டா இருக்கிற ஊர்ல பாட்டு மட்டும் எப்படிய்யா பொதுவாச்சு? எந்தத் தெருவில் பிறந்த பாட்டு, யார் கை அடிக்கிற கொட்டு என்பதையெல்லாம் துடைத்துவிட்டு, மேலே கொஞ்சம் மண்வாசனை பூசி விற்பதற்கு வைத்த பேர்தான் ‘கிராமியம்’.

நான் ஒரு பாட்டுப் பைத்தியம். நல்ல பாட்டு காதில் விழுந்தா, வந்த பஸ்ஸை விட்டுட்டு டீக்கடை வாசலில் நின்னு முடியிற வரைக்கும் கேக்கிற ஆளு. எனக்குப் பிடித்த பாட்டுகளையும் ஆல்பங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரு குணம் பொதுவாகத் தெரிகிறது. அதுகளுக்கு முகவரி இருக்கு. யாரு பாடுதா, எங்க நின்னு பாடுதா, யாரப் பாத்துப் பாடுதாங்கிறத மறைக்காத பாட்டுகள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1

முதல் பாட்டு எந்தக் கேசட்டிலும் இல்லாதது. எங்க ஆச்சி பாடின நடவுப்பாட்டு. கன்னடியன் கால் பாசனத்தில் காருக்கும் பிசானத்துக்கும் குனிஞ்சு குனிஞ்சு நட்டே முதுகு வளைஞ்சவ. அவ பாட்டுல மாமன் மச்சான் கேலி வரும், ஆத்துத் தண்ணி வரும், கூடவே கூலிக் கணக்கும் வரும். வரப்பில் குடை பிடித்து நிற்கிறவருக்குக் கேட்க வேண்டியதைக் கேட்கும்படியும், கேட்டாலும் கோபப்பட முடியாதபடியும் பாடுவது ஒரு வித்தை.

எம்.ஏ. படிக்கும்போது நாட்டுப்புறவியல் தாளுக்காக அவ பாட்டைப் பதிவு செய்தேன். துறையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பாடலின் வகை, தகவலாளர், வயது, கல்வி. ஆச்சி ‘தகவலாளர்’ ஆனா. கல்வி ‘இல்லை’ ஆச்சு. இயற்றியவர் யார் என்று எங்கே எழுதுவது எனக் கேட்டதற்கு, ‘மக்கள் என்று எழுது’ என்றார் பேராசிரியர். அந்தப் பாட்டில் பாதி அடிகள் ஆச்சியே கட்டியது. எந்தப் போகத்தில், யார் வயலில் கட்டினாள் என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. மக்கள்னு எழுதுறது பெருமைதான், நான் இல்லைங்கல. ஆனா பாரதியார் பாட்டுக்குக் கீழ ‘மக்கள்’னு யாராவது எழுதுவாங்களா?

2

முகவரியை அழிக்கிற வேலை கேசட் கம்பெனிக்காரன் தொடங்கினது இல்ல. இந்த ஆத்தங்கரையிலேயே அதுக்குப் பழைய சாட்சி இருக்கு. பாபநாசத்துக்கு மேலே காரையாறு காட்டில் சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே பட்டவராயன் என்று கும்பிடப்படுகிறவர் முத்துப்பட்டன். கொடைகளில் வில்லுப்பாட்டாக அந்தக் கதை பாடப்படும். பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இரண்டு பேரைக் கண்டு ஆசைப்படுகிறான். அவர்கள் தகப்பன் வாலப்பகடை போட்ட நிபந்தனையை ஏற்றுப் பூணூலையும் குடுமியையும் விட்டு, செருப்புத் தைத்து, அவர்களைக் கட்டிக்கொள்கிறான். மாமனாரின் கிடை மாடுகளைக் கொள்ளையிட வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். இன்றும் சனங்கள் அந்தச் சன்னதிக்குச் செருப்புச் செய்து காணிக்கையாகக் கொண்டுபோய் வைக்கிறார்கள். செருப்புப் போட்டு நடந்ததற்கே அடி வாங்கின சனத்தின் கைவேலை அங்கே சாமிக்கு முன்னால் தொங்குகிறது. இதைவிட என்ன கலகம் வேண்டும்?

ஆனால் பாட்டுக்குள்ளே ஒரு ஒட்டு இருக்கிறது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகளாம், காட்டில் விடப்பட்டு வாலப்பகடை கையில் கிடைத்தார்களாம். இந்தக் கதையைப் பதிப்பித்த நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை, இது பின்னால் சேர்த்த சரக்கு என்று வாதிட்டார். பிராமணன் கீழே இறங்கி வந்தான் என்பதைப் பொறுக்காத யாரோ, பெண்களை மேலே ஏற்றிவிட்டார்கள். செருப்பு காட்டிக் கொடுக்குது, பாட்டு மறைக்குது. எனக்கு இந்தக் கதைப்பாட்டு உயிர். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அந்த ஒட்டு வருகிற இடத்தில் மட்டும் காது கூசும்.

3

எங்க மாமா பெட்டியில் ஒரு கேசட் கிடந்தது. காப்பிக்குக் காப்பி எடுத்ததில் இரைச்சல்தான் பாதி. மேலே பால்பாயிண்ட் பேனாவில் ‘தோழர் கே.ஏ.ஜி. — 2 பக்கமும்’ என்று எழுதியிருந்தார். 1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தலித் இலக்கியம் என்ற பேச்சு தமிழில் சூடு பிடித்தபோது, கூட்டம் நடந்த ஊர்களிலெல்லாம் ஒலித்த குரல் அது. சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் 1955இல் பிறந்த கே.ஏ. குணசேகரன், நாட்டுப்புறக் கலையை ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர். ஆய்வாளராக மட்டும் இருந்திருந்தால் அவரும் ‘தகவலாளர்’ தேடிக்கொண்டு போயிருப்பார். மேடையில் ஏறித் தானே பாடினார். ‘பலி ஆடுகள்’ நாடகம் எழுதினார். ‘வடு’வில் தன் கதையைச் சொன்னார்.

அவர் குரலில் ஊர் ஊராகப் போனது இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’. அந்தத் தலைப்பை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ‘மனிதர்கள்’ என்று எழுதியிருந்தால் அது மனு. ‘மனுசங்க’ என்னும்போதே தெருப் பேச்சு வந்துவிட்டது. கடைசியில் ஒரு ‘டா’. நம்ம ஊரில் ‘டா’வும் ‘ஏல’வும் எப்போதும் மேலிருந்து கீழே வருகிறவை. நரைத்த தலையைப் பார்த்து அரைக்கால் சட்டைப் பையன் சொல்லுவான். நமக்குள்ளே ‘ஏல’ என்றால் சிநேகம், அந்தத் தெருவிலிருந்து வந்தால் அடி. அந்த ‘டா’வை வந்த வழியே திருப்பி அனுப்பியது அந்தப் பாட்டு. எழுதியவர் கீழக்கரை முஸ்லிம், பாடியவர் தலித். 2016 ஜனவரியில் குணசேகரனும் அதே வருசம் டிசம்பரில் இன்குலாப்பும் இறந்தார்கள். அடுத்த வருசம் ‘காந்தள் நாட்க’ளுக்குச் சாகித்ய அகாதெமி விருது அறிவித்தபோது இன்குலாப் குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்ஷன் குமார், அப்பாவின் பிணத்தைப் பொதுப்பாதையில் கொண்டுபோகப் போராடுகிற மகனைப் பற்றிப் படமெடுத்தபோது அந்தப் பேரையே வைத்தார். இது ‘கிராமியம்’ தட்டில் அடங்காத பாட்டு.

அதே பெட்டியில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’டும் இருந்தது. 1986 ஆல்பம். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்ததிலிருந்து அவர் மேல் மண்வாசனையைப் பூசிக்கொண்டே இருந்தார்கள். பூசினவர்களுக்குத் தியாகராஜரையும் பாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ஆல்பம் போட்டார். இதுக்கு என்ன பேர் வைக்கப்போறீகன்னு தலைப்பிலேயே கேட்டுட்டார். அவர் அரசியலோடு எனக்கு நூறு சண்டை உண்டு. ஆனா அந்தக் கேள்வி என் கேள்வி.

4

2018இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. புளியங்குளத்துக்காரர் மாரி செல்வராஜின் முதல் படம், சந்தோஷ் நாராயணன் இசை. அதில் ‘கருப்பி’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். தண்டவாளத்தில் கட்டிக் கொல்லப்பட்ட ஒரு வேட்டைநாய்க்கு வைக்கிற ஒப்பாரி. நம்ம பொம்பளைகள் அடுத்த தெருச் சாவுக்குப் போய் மாரடித்த ஒப்பாரியை, நம்ம வளவில் செத்த ஒரு நாய்க்காகத் திருப்பிக்கொண்டு வந்தது அந்தப் பாட்டு. ஒப்பாரியின் முகவரி மாறிப்போச்சு.

அந்தப் படத்தில் பரியனின் அப்பா, பெண் வேசம் கட்டி ஆடுகிற கூத்துக்காரர். நடித்தவர் நெல்லை தங்கராஜ், நிசத்திலும் அப்படி ஆடிப் பிழைத்தவர். படத்தில் அவரைத் துணியை உருவி ரோட்டில் ஓடவிடுகிற காட்சியைப் பார்த்து ஊரே அழுதது. ஆனால் படம் பேர் வாங்கின பிறகும் அவர் பாளையங்கோட்டையில் இடிந்த வீட்டில்தான் இருந்தார். செய்தி வந்த பிறகுதான் வீட்டுக்கு வழி பிறந்தது. 2023 பிப்ரவரியில் இறந்துபோனார். எத்தனை கொடையில ஆடுனாரோ, எத்தனை ஊர்க்காரங்க கை தட்டுனாங்களோ, கலைஞர்னு ஒருத்தரை அறிய நமக்கு ஒரு சினிமா வேண்டியிருக்கு.

2021இல் ‘கர்ணன்’. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து அடித்து நொறுக்கியதை நினைவுபடுத்துகிற படம். கிடாக்குழி மாரியம்மாள் பாடின ‘கண்டா வரச்சொல்லுங்க’ளில் அந்தக் குரலை மெருகு போடாமல் விட்டிருந்தார்கள். தொண்டை கிழிகிற இடம் அப்படியே கேட்கும். அதே ஆல்பத்தில் தேவா பாடிய பாட்டு முதலில் ‘பண்டாரத்தி புராணம்’ என்று வெளிவந்தது. பேர் தங்கள் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு வந்து, கோர்ட்டு வரைக்கும் போனது. ‘மஞ்சனத்தி புராணம்’ என்று மாற்றினார்கள்.

பேரை மறைப்பதே அநியாயம் என்று இவ்வளவு நேரம் சொன்ன நான் இதற்கு என்ன சொல்வேன்? மாற்றியது சரி என்றுதான் சொல்வேன். நம்ம தெருவின் பேரை நாம் சொல்வது வேறு, இன்னொரு எளிய சனத்தின் சாதிப்பேரை அவர்கள் நோகும்படி பாட்டில் வைப்பது வேறு. நம்மைச் சாதிப்பேர் சொல்லிக் கூப்பிடும்போது எப்படி எரிந்தது என்று நமக்குத் தெரியாதா? ஒரு பெண்ணின் பேர் போய் ஒரு மரத்தின் பேர் வந்ததில் பாட்டுக்குக் கொஞ்சம் நட்டம் இருக்கலாம். அந்த நட்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

5

2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடை ஏறியது. ‘சாதியற்ற’ என்ற அந்தப் பேருக்கு மூலம் அயோத்திதாசர். அங்கிருந்து வந்தவர் அறிவு. 2021 மார்ச்சில் அவரும் தீயும் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகமெல்லாம் சுற்றியது. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பின தலைமுறையின் கதை, அறிவின் பாட்டி வள்ளியம்மாள் சொன்ன கதை.

அந்த வருசம் ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அறிவு இல்லை. சத்தம் கிளம்பிய பிறகு தனியாக ஒரு அட்டை போட்டார்கள். 2022 ஜூலையில் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள், மேடையில் அறிவு இல்லை. பாட்டைக் கட்டியது நான் என்று அறிவு எழுதினார். அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார், யாரும் விலக்கவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024இல், அந்தப் பாட்டால் தங்கள் யாருக்குமே வருமானம் வந்து சேரவில்லை என்றும் அவரே சொன்னார். மூன்று பேர் சண்டையில் நியாயம் சொல்ல நான் வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டு, பேர் யாருக்குன்னு அடிதடி, கூலி யாருக்கும் இல்லை. அப்ப காசு எந்தத் தெருவுக்குப் போச்சு? ஆச்சி நடவுப்பாட்டில் கேட்ட கூலிக் கணக்கும் இதுவும் ஒரே கணக்குதானே?

6

தேயிலை என்றதும் இந்த ஆற்றங்கரைக்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. இந்த எஸ்டேட்டுகளின் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடச் சொல்லியும் 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் அடித்துத் துரத்தியதில் ஆற்றுக்குள் இறங்கியவர்கள் கரையேறவில்லை. 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. ஆர்.ஆர். சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்று ஆவணப்படம் எடுத்தார். மாரி செல்வராஜ் ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ எழுதினார். வருசா வருசம் ஆற்றில் பூப்போடுகிறோம், கோசம் போடுகிறோம். 2024இல் எஸ்டேட் கம்பெனி விருப்ப ஓய்வு என்று சொல்லி மிச்சமிருந்த தொழிலாளர்களையும் கணக்கு முடித்தது. ஆனால் இவ்வளவு பாட்டு வைத்திருக்கிற என் பெட்டியில் அந்தப் பதினேழு பேருக்கு ஒரு பாட்டு இல்லை.

அநியாயமாகச் செத்தவர்களைப் பாடுவதுதானே இந்தச் சீமையின் வில்லுப்பாட்டு மரபு? முத்துப்பட்டனுக்கு உண்டு, பொம்மக்கா திம்மக்காளுக்கு உண்டு. வில்லடிக்கிறவர் எடுத்த எடுப்பில் பிறந்த ஊர், தாய் தகப்பன், வளர்ந்த வளவு என்று முகவரியைத்தான் விஸ்தாரமாகச் சொல்வார். பிறகுதான் சாவு வரும். அதே ஆறு, அதே மலை. அந்தப் பதினேழு பேரைச் சாமியாக்கச் சொல்லவில்லை. எந்த எஸ்டேட், எந்த லயன் வீடு, என்ன கூலி, யார் பெத்த பிள்ளை என்று பேர் பேராகச் சொல்லி ஒரு வில்லுப்பாட்டுக் கட்ட நம்மிடம் ஆள் இல்லையா? குணசேகரன் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறோம். ராப் பாடுகிற பிள்ளைகள் காலனிக்குக் காலனி இருக்கிறார்கள். உடுக்கும் குடமும் இன்னும் சத்தம் குறையாமல் இருக்கு. பிற்பாடு எவனாவது வந்து பிறப்புக் கதையை மாற்றி ஒட்டுப் போடாதபடி, நாமே பாடி நாமே எழுதி வைக்க வேண்டும்.

பாட்டுச் சேகரிக்கப் போகிற மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்க துறையில் படிவம் கொடுப்பாங்க. அதுல ‘தகவலாளர்’னு இருக்கிற இடத்தை அடிச்சுட்டுப் ‘பாடியவர், கட்டியவர்’னு எழுதுங்க. எந்தத் தெருன்னு எழுதுங்க. அவுகளுக்கு என்ன கொடுத்தீங்கன்னும் எழுதுங்க. ஒண்ணும் கொடுக்கலன்னா அதையும் எழுதுங்க. இனிமே யாராவது ‘நல்ல கிராமியப் பாட்டு’ன்னு உங்ககிட்ட ஒண்ணைப் போட்டுக் காட்டினா, முழுசாக் கேட்டு முடிச்சுட்டு, ‘எந்தத் தெரு அண்ணாச்சி?’ன்னு கேளுங்க.