சௌரிராஜனின் சவ்வும் அவர் சொன்ன விளக்கமும்

உப்புநீரை நன்னீராக்கும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) சவ்வின் வரலாற்றில் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்ற இரு பெயர்களையும் சேர்த்தே சொல்வார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் அவர்கள் உருவாக்கிய செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வைப் பற்றிய கட்டுரை 1963இல் வெளிவந்தது. காப்புரிமை 1964இல் கிடைத்தது. சவ்வின் அருமையை யாரும் மறுக்கவில்லை. அது வேலை செய்யும் விதம் பற்றி சௌரிராஜன் சொன்ன விளக்கத்தைத்தான் மறுத்தார்கள். அந்த மறுப்பு எவ்வளவு தூரம் நியாயம்?

முதலில் செய்முறை. செல்லுலோஸ் அசிட்டேட் உப்பைத் தடுக்கும் என்று ஃபுளோரிடாவில் ரீடும் பிரெட்டனும் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய படலத்தில் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. லோபும் சௌரிராஜனும் பாலிமரை அசிட்டோனில் கரைத்து, நீரும் மெக்னீசியம் பெர்குளோரேட்டும் கலந்து, குளிர்நிலையில் கண்ணாடித் தட்டில் மெல்லப் பரப்பினார்கள். அசிட்டோன் சற்றே ஆவியானதும் தட்டைப் பனிநீரில் அமிழ்த்தினார்கள். பிறகு படலத்தை வெந்நீரில் பதப்படுத்தினார்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் உப்பு தாராளமாகக் கசியும். இந்தச் செய்முறையால் நீரின் வரத்து முந்தைய படலத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் கூடியது. சவ்வின் ஒரு முகம் மட்டுமே உப்பைத் தடுத்தது என்பது இன்னொரு முக்கியமான கவனிப்பு. மேலே மிக மெல்லிய அடர்தோல், கீழே பஞ்சு போன்ற தாங்குபகுதி என்ற அமைப்பை 1964இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் காட்டியவர்கள் ஜெனரல் அட்டாமிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைலி குழுவினர். சௌரிராஜனின் விளக்கத்தை மறுத்த எதிரணியும் அங்கேதான் உருவானது.

சௌரிராஜனின் வாதம் மேற்பரப்பில் தொடங்குகிறது. உப்புநீர் காற்றைத் தொடும் இடத்தில் உப்பு விலகிநிற்கும் என்று கிப்ஸின் சமன்பாடு சொல்கிறது. சவ்வின் மேற்பரப்பிலும் அப்படியொரு தூய நீரடுக்கு உண்டாகிறது, அதை அழுத்தம் நுண்துளைகள் வழியே தள்ளுகிறது என்றார் அவர். துளையின் விட்டம் அந்த அடுக்கின் தடிமனைப் போல் இரு மடங்கு இருந்தால் பிரிப்பும் வரத்தும் ஒருசேரச் சிறக்கும்.

அழகான கருத்து. ஆனால் காற்றுக்குப் பொருந்துவது பாலிமருக்கும் பொருந்தும் என்ற தாவலுக்கு அவர் தந்த ஆதாரம் போதாது. பின்னாளில் துளையளவையும் மேற்பரப்பு விசையையும் பிரிப்பு அளவீடுகளிலிருந்தே பொருத்தி எடுத்தார்கள். அந்த எண்கள் வேறு கரைபொருள்களின் பிரிப்பையும் ஓரளவு முன்கூட்டிச் சொன்னது உண்மைதான். ஆனால் துளை இருப்பதற்கு அது சான்றாகாது.

அந்த எதிரணியின் லான்ஸ்டேல், மெர்டன், ரைலி ஆகியோர் 1965இல் முன்வைத்த விளக்கத்தில் துளையே இல்லை. நீர் பாலிமரில் கரைந்து, செறிவு வேறுபாட்டால் ஊடுருவுகிறது என்றார்கள். பாடநூல்களில் இதுவே நிலைத்தது. ஆனால், செலுத்தும் அழுத்தத்திலிருந்து சவ்வூடு பரவல் அழுத்தத்தைக் கழித்து ஒரு மாறிலியால் பெருக்கினால் வரத்து கிடைக்கும் என்றுதான் இரு தரப்பும் சொல்கின்றன. ஆலையில் எடுக்கும் எந்த வரத்துக் கணக்கும் இவற்றைப் பிரித்துக்காட்டாது. ஒரு தரப்பு வென்றதாக அறிவித்தது அவசரம் என்றே நான் கருதுகிறேன்.

2023இல் யேல் பல்கலைக்கழகத்தின் எலிமெலெக் குழு 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு வழக்கை மறுபடி திறந்தது. மூலக்கூறு உருவகப்படுத்தலில் சவ்வுக்குள் நீரின் செறிவு குறைந்துகொண்டே போகவில்லை, அழுத்தம்தான் குறைந்தது. நீர்மூலக்கூறுகள் கொத்துக்கொத்தாக நகர்ந்தன. கரிமக் கரைப்பான்களை ஊடுருவவிட்ட சோதனைகளும் துளையோட்டத்தையே ஆதரித்தன.

இதை சௌரிராஜனின் முழு வெற்றியாகக் கொண்டாடுவது தவறு. இந்த ஆய்வில் தெரிவது பாலிமர்ச் சங்கிலிகளின் அசைவில் திறந்து மூடும் இடைவெளிகள். அவர் கணக்கிட்டதோ நிலையான நுண்குழாய். உருவகப்படுத்தலில் எடுத்துக்கொண்ட பாலியமைடு சவ்வும் அவருடையதன்று. உப்பு ஏன் தடுக்கப்படுகிறது என்பதில் அயனியின் அளவு, மின்னேற்றம், நீருறை களைதல் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. அவருடைய தூய நீரடுக்கு மட்டும் போதாது. ஆனாலும் ஓட்டத்தை நடத்துவது அழுத்தம் என்ற வாதத்தை அவருடைய பெயரிலேயே எழுத வேண்டும். நீரடுக்குக் கோட்பாடோ நிறுவப்படாத கருதுகோளாகவே நிற்கிறது.